மிரோவின் கையொப்பம் உள்ள லித்தோ: நடுவில் ஓடும் மடிப்பு எதைச் சொல்கிறது?

சேர்வராயன் (ஏற்காடு):

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டுக் கூடத்தில் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தொங்கிக்கொண்டிருக்கும் ஒரு படத்தைப் பற்றி விவரம் தெரிந்தவர்களிடம் கேட்க விரும்புகிறேன். என் தந்தை ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்தில் ரைட்டராக வேலை பார்த்தவர். தோட்டத்து முதலாளி 1976-இல் எல்லாவற்றையும் விற்றுவிட்டு மலையை விட்டு இறங்கியபோது, பங்களாவின் மேசை, நாற்காலி, அலமாரி எல்லாம் ஏலத்துக்குப் போயின. அப்பாவைத் தனியே கூப்பிட்டு இந்தப் படத்தை மட்டும் கையில் கொடுத்தாராம். அப்பா அதைச் சட்டம் போட்டு மாட்டினார். பறவையா மனிதனா என்று சொல்ல முடியாத ஓர் உருவம், தடித்த கறுப்புக் கோட்டில். நடுவே ரத்தச் சிவப்பில் ஒரு வட்டம், மேலே ஒரு நட்சத்திரம், ஓரத்தில் மஞ்சளும் நீலமும். வலது கீழ் மூலையில் பென்சிலால் 'மிரோ' என்ற கையொப்பம். இடது மூலையில் 41/75 என்று எழுதியிருக்கிறது. கண்ணாடிக்குள் தெரியும் அளவு ஏறக்குறைய 37 செ.மீ. உயரம், 54 செ.மீ. அகலம்.

சென்ற மாதம் கண்ணாடி விரிசல் விட்டதால் சேலத்தில் ஒரு சட்டக் கடைக்கு எடுத்துச் சென்றேன். வெள்ளை ஓரம் வீண், இரண்டு அங்குலம் வெட்டிவிட்டு ஹார்டுபோர்டில் ஒட்டிக் கொடுத்தால் செலவு குறையும் என்றார் கடைக்காரர். எனக்கு மனம் ஒப்பவில்லை. அப்படியே துணியில் சுற்றித் திரும்பக் கொண்டுவந்துவிட்டேன். கடையில் நின்றிருந்த இன்னொருவர் கையொப்பத்தைப் பார்த்த மாத்திரத்தில் விலை பேசத் தொடங்கியது என் சந்தேகத்தை அதிகமாக்கிவிட்டது. இது உண்மையான லித்தோதானா? இதை வரைந்தவர் எத்தகைய கலைஞர்? மலைக் குளிரில் பூஞ்சை பிடிக்காமல் எப்படிக் காப்பது?

கல்லச்சு (சேலம், ஓய்வுபெற்ற அச்சுத் தொழிலாளி):

தம்பி, வெட்ட விடாமல் கொண்டுவந்தீர்களே, அதற்கு முதலில் என் வாழ்த்து. லித்தோ படத்தில் ஓரம் என்பதும் படத்தின் பகுதிதான். தாளின் விளிம்பு, நீர்க்குறி, அச்சகத்தின் தடயம் எல்லாம் அங்கேதான் இருக்கும். அதை வெட்டிவிட்டால் பிறப்புச் சான்றிதழைக் கிழித்தது போல.

முதலில் லித்தோ என்றால் என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதைப் 'பிரின்ட்' என்று கேட்டதும் காலண்டர் படம் போல நினைப்பவர்கள் பலர். 1796-இல் பவேரியாவில் அலோய்ஸ் ஜெனஃபெல்டர் என்பவர் கண்டுபிடித்த முறை இது. ஜொல்ன்ஹோஃபன் என்ற ஊரில் கிடைக்கும் மென்மையான சுண்ணாம்புக் கல்லைக் கண்ணாடி போலத் தேய்த்து, அதன் மேல் கொழுப்புச் சேர்ந்த மைக்குச்சியால் ஓவியர் நேராக வரைகிறார். பிறகு கோந்தும் கொஞ்சம் நைட்ரிக் திராவகமும் கலந்து பூசுவார்கள். அதன் பின் கல்லை ஈரப்படுத்தினால், வரையாத இடம் தண்ணீரை வாங்கிக்கொள்ளும். வரைந்த இடம் தண்ணீரைத் தள்ளும். மை உருளையை ஓட்டும்போது கொழுப்பு கொழுப்பைப் பிடிக்கும், ஈரம் மையை விரட்டும். கல்லில் பள்ளமும் இல்லை, மேடும் இல்லை. எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது என்ற ஒரே உண்மையின் மேல் மொத்தத் தொழிலும் நிற்கிறது. ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு கல், அல்லது ஒரு துத்தநாகத் தகடு. உங்கள் படத்தில் கறுப்பு, சிவப்பு, மஞ்சள், நீலம் என நான்கு நிறம் இருக்கிறது என்றால், ஒரே தாள் நான்கு முறையாவது அச்சுக்குள் போய் வந்திருக்க வேண்டும். நான்கும் ஒன்றன் மேல் ஒன்று ரிஜிஸ்டர், அதாவது அச்சுப் பொருத்தம், விலகாமல் உட்கார வேண்டும்.

இந்த முறை நமக்குப் புதிதன்று. ராஜா ரவி வர்மா 1894-இல் பம்பாயில் தொடங்கிய அச்சகத்திலிருந்து வந்த லட்சுமியும் சரசுவதியும் லித்தோ வழியாகத்தான் நம் பூசையறைச் சுவருக்கு ஏறினார்கள். அக்காலத்துச் சினிமாப் போஸ்டர்களும் பெரும்பாலும் லித்தோவே. ஆனால் அங்கே ஒருவர் தீட்டிய ஓவியத்தைப் பார்த்து இன்னொருவர் கல்லில் படியெடுத்தார். ஓவியரே கல்லில் வரைந்து, அச்சகத்தில் நின்று நிறம் சொல்லி, பிரதியைப் பார்த்துத் தலையசைத்த பின் அச்சாவதைத்தான் மூல லித்தோ என்கிறோம்.

கைக்கு ஒரு லென்ஸ் கிடைத்தால் சிவப்பு வட்டத்தைப் பாருங்கள். நாலு நிறப் புள்ளிகள் வரிசையாகப் பூப்போலத் தெரிந்தால் அது ஆஃப்செட் நகல், அதாவது படத்தை ஒளிப்படம் எடுத்து இயந்திரத்தில் அச்சிட்டது. மை முழுசாகப் படிந்து, நடுவே கல்லின் சொரசொரப்பு மட்டும் ஊசிமுனை வெள்ளையாகத் தெரிந்தால் லித்தோ.

வெண்தாள் (கலை வரலாற்று ஆசிரியை):

இரண்டாவது கேள்விக்கு நான் எழுதுகிறேன். ஜோன் மிரோ 1893-இல் பார்சிலோனாவில் பிறந்தவர். தந்தை பொற்கொல்லர், கடிகாரமும் செய்தவர். மகன் கணக்குப்பிள்ளை வேலைக்குப் போக வேண்டும் என்பது வீட்டின் முடிவு. 17 வயதில் ஒரு வணிக நிறுவனத்தில் பேரேடு எழுத உட்கார்ந்தவர் விரைவில் நோயில் விழுந்தார். மனமும் உடலும் தளர்ந்த நிலையில் மோன்ட்ரோய் என்ற கிராமத்தில் குடும்பத்துக்கு இருந்த பண்ணை வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்தப் பண்ணையே அவரை ஓவியராக்கியது என்பேன். 1921-இல் தொடங்கி 1922-இல் முடித்த 'பண்ணை' என்ற ஓவியத்தில் அந்த வீட்டின் கோழி, வாளி, நத்தை, சுவர்க் காரையின் விரிசல் வரை ஒவ்வொன்றும் தனித்தனியே நிற்கின்றன. அதை எழுத்தாளர் ஹெமிங்வே வாங்கினார். இப்போது அது வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது.

அதற்குப் பிறகு பாரிஸில் மிகையதார்த்தவாதிகளின், அதாவது கனவையும் ஆழ்மனத்தையும் கலையாக்கிய சர்ரியலிஸ்டுகளின், பழக்கம் ஏற்பட்டது. பண்ணையில் இருந்த அதே கோழியும் ஏணியும் நட்சத்திரமும் படிப்படியாக உடம்பைக் கழற்றிவிட்டுக் குறிகளாக மாறின. இந்த மாற்றத்தைக் கிறுக்கல் என்று ஒதுக்குபவர்களிடம் நான் எப்போதும் சொல்வது, முதலில் 'பண்ணை'யைப் பாருங்கள் என்பதுதான். ஒவ்வோர் இலையையும் எண்ணி வரையத் தெரிந்தவர் இலையை விட்டார் என்றால், அதைத் தெரிந்தே விட்டார். நம் கே.சி.எஸ். பணிக்கர் 1960-களில் 'சொற்களும் குறியீடுகளும்' வரிசையில் சாதகக் கட்டத்தையும் புரியாத எழுத்தையும் திரையில் நிரப்பினார் அல்லவா. அவரும் அதற்கு முன் ஆண்டுக்கணக்கில் நீர்வண்ண நிலக்காட்சி வரைந்தவர். மிரோவைப் பார்க்கத் தயங்கும் என் மாணவர்களைப் பணிக்கர் வழியாகத்தான் அழைத்துச் செல்கிறேன்.

1940-இல் நார்மண்டிக் கடற்கரையில் வரான்ஜ்வீல் என்ற ஊரில் இருந்தபோது 'விண்மீன் கூட்டங்கள்' என்ற 23 சிறு ஓவியங்களைத் தொடங்கினார். ஜெர்மானியப் படை நெருங்கியதும் மனைவி, சிறு மகளுடன் ஸ்பெயினுக்குத் திரும்பி, அடுத்த ஆண்டு அங்கேயே முடித்தார். சர்வாதிகாரி பிராங்கோவின் ஆட்சியில், யாரும் கண்டுகொள்ளாத நிலையில், லித்தோவுக்குத் திரும்பினார். 1944-இல் வெளிவந்த 'பார்சிலோனா வரிசை'யில் 50 லித்தோக்கள், எல்லாம் கறுப்பு மட்டும். நண்பர் ஜோன் பிராட்ஸ் வெளியிட்ட அதில் விற்பனைக்கென எண்ணிட்டவை ஐந்தே தொகுப்புகள். போரையும் கொடுங்கோலையும் நிறமே இல்லாமல் பல்லும் நகமுமாக வரைந்து வைத்த அந்தத் தாள்களுக்கு ஈடாக அவருடைய பெரிய எண்ணெய் ஓவியங்களில்கூட மிகச் சிலவற்றையே நான் சொல்வேன். போர் முடிந்தபின் பாரிஸில் ஃபெர்னான் மூர்லோவின் அச்சகத்தில் நிறம் வந்தது. 1954-இல் வெனிஸ் பியென்னாலே என்ற பன்னாட்டுக் கலைக் கண்காட்சி அவருக்கு அச்சுக்கலைக்கான பரிசையே கொடுத்தது. 1983 கிறிஸ்துமஸ் அன்று மயோர்க்காத் தீவில் 90 வயதில் இறக்கும்போது அவர் செய்திருந்த லித்தோக்கள் மட்டும் ஆயிரத்துக்கும் மேல். ஓவியம் பணக்காரர் வீட்டுச் சுவரோடு நின்றுவிடக் கூடாது என்று அவர் உண்மையாகவே எண்ணினார். ஏற்காட்டில் ஒரு ரைட்டர் வீட்டில் தன் தாள் தொங்கியது தெரிந்திருந்தால் மகிழ்ந்திருப்பார் என்றே நம்புகிறேன்.

செவ்வாய்ப்பேட்டை (சேலம்):

நான் கலை படித்தவன் அல்லன். மூன்று தலைமுறையாக வெள்ளிக் கொலுசுப் பட்டறை. மிரோவின் தந்தை பொற்கொல்லர் என்று படித்ததும் எழுதத் தோன்றியது. எங்கள் தொழிலில் முத்திரையைப் பார்த்து யாரும் வெள்ளி வாங்குவதில்லை. முத்திரை அடிக்க இரண்டு நொடி போதும். டச்சு, அதாவது வெள்ளியின் சுத்தம், என்ன என்று உரசிப் பார்த்துத்தான் வாங்குவோம். கடையில் ஒருவர் கையொப்பத்தைப் பார்த்ததும் விலை பேசினார் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கையொப்பத்தைக் கையால் மூடிக்கொண்டு மீதிப் படத்தை உரசிப் பாருங்கள் என்பதே என் யோசனை. 41/75 என்றால் என்ன பொருள் என்பதையும் யாராவது விளக்கினால் நல்லது.

கல்லச்சு:

செவ்வாய்ப்பேட்டை அண்ணன் சரியான இடத்தில் கை வைத்திருக்கிறார். 75 என்பது எண்ணிட்டு எடுத்த மொத்தப் பிரதி. 41 என்பது இந்தத் தாளின் எண். 41-ஆவதாக அச்சானது என்று பொருளில்லை, கையொப்பமிடும்போது அடுக்கில் எப்படி இருந்ததோ அப்படி எண் போடுவார்கள். இதைத் தவிர ஓவியருக்கென்று ஒதுக்கும் சில பிரதிகளில் ஈ.ஏ. என்றும், விற்பனைக்கு அல்லாதவற்றில் எச்.சி. என்றும் இருக்கும். எண்ணிக்கை முடிந்ததும் கல்லைத் தேய்த்து அழித்துவிடுவது வழக்கம்.

கையொப்பம் பென்சிலில் இருப்பதை மட்டும் வைத்து நம்பிவிடக் கூடாது. மோசடி செய்பவரிடமும் பென்சில் இருக்கும். 1974-இல் அன்டோரா எல்லையில் பிரெஞ்சு அதிகாரிகள் ஒரு வண்டியை நிறுத்தியபோது, அதற்குள் சால்வதோர் டாலி கையொப்பமிட்ட வெற்றுத் தாள்கள் 40,000 இருந்தன. படம் வருவதற்கு முன்பே கையொப்பம் போய்ச் சேர்ந்த கதை அது. மிரோவின் விஷயத்தில் நடப்பது வேறு. படம் உண்மையாக இருக்கும். அவர் போடாத கையொப்பத்தைப் பின்னால் யாரோ போட்டிருப்பார்கள்.

அதனால் ஒன்று கேட்கிறேன், தம்பி. படத்தின் நடுவே மேலிருந்து கீழாக ஒரு மடிப்பு இருக்கிறதா? சட்டத்தின் பின்பக்கம் திறந்து தாளின் மறுபுறத்தைப் பார்த்திருக்கிறீர்களா?

சேர்வராயன்:

ஐயா, மடிப்பு இருக்கிறது. எப்படிக் கேட்டீர்கள் என்று வியந்துவிட்டேன். நட்சத்திரத்துக்கு அருகே தொடங்கி சிவப்பு வட்டத்தின் இடது விளிம்பைத் தொட்டுக்கொண்டு நேராகக் கீழே இறங்குகிறது. அப்பா அதை இரண்டாக மடித்து மஞ்சள்பையில் வைத்துப் பேருந்தில் எடுத்து வந்ததால் வந்த மடிப்பு என்பது எங்கள் வீட்டில் பரம்பரைப் பேச்சு. வருகிறவர்களிடமெல்லாம் அம்மா சொல்வார்: 'துரை ஆசையாகக் கொடுத்ததை இந்த மனிதர் செய்தித்தாள் போல மடித்துவிட்டார்.' கொடுக்கும்போதே மடித்துத்தான் இருந்தது என்று அப்பா சொல்லிப் பார்த்தார்; யாரும் நம்பியதில்லை, நான் உட்பட. அவர் காலமாகிப் பதினோரு ஆண்டுகள் ஆகின்றன.

பின்பக்கம் இதுவரை திறந்ததில்லை. பலகை வைத்து, பழுப்புப் பசைநாடா ஒட்டியிருக்கிறது.

கல்லச்சு:

நடுவே மடிப்பு இருந்தால், ஏதோ இதழுக்குள் மடித்து வந்த தாளாக இருக்கலாம்; பின்பக்கத்தைப் பார்த்தால் தெரியும். ஆனால் இப்போது திறக்க வேண்டாம். ஐப்பசி, கார்த்திகையில் ஏற்காட்டுக் காற்றே ஈரத்துணி போல இருக்கும்; தாள் ஈரத்தை வாங்கிப் புடைத்துக்கொள்ளும். தை பிறக்கட்டும். நல்ல வெயில் அடிக்கும் நாளில், கையைக் கழுவி நன்றாக உலர்த்திக்கொண்டு, மேசையில் சுத்தமான வெள்ளைத் துணி விரித்துச் சட்டத்தைக் கவிழ்த்து வையுங்கள். பசைநாடா தாளில் ஒட்டியிருந்தால் இழுக்காதீர்கள். நாடாவைப் பலகை ஓரத்தில் மட்டும் பிளேடால் கீறுங்கள். படத்தை நேராக வெயிலில் காட்டவும் கூடாது.

அஸ்தம்பட்டி வாசகி (சேலம்):

ஒரு மறுப்பு. மடிப்பு இருந்தால் ஏதோ இதழிலிருந்து எடுத்தது, எனவே மதிப்பில்லை என்ற இடத்துக்கு இந்த விவாதம் போவதாகத் தெரிகிறது. அதில் எனக்கு உடன்பாடில்லை. எத்தனை பிரதி என்பதை வைத்தே ஒரு படத்தை மதிப்பது என்றால், லித்தோ என்ற கலையே தேவையில்லை. ஒரே ஒரு துணியில் எண்ணெய் வண்ணம் தீட்டிவிட்டுப் போயிருக்கலாமே.

வெண்தாள்:

அம்மா, நீங்கள் சொல்வது நியாயம். நான் அதை இன்னும் அழுத்திச் சொல்வேன். பாரிஸில் எமே மேக் என்ற காட்சிக்கூட உரிமையாளர் 1946-இல் 'தெரியேர் ல மிருவார்' என்ற இதழைத் தொடங்கினார். 'கண்ணாடிக்குப் பின்னால்' என்று பொருள். 1982 வரை 253 எண்கள் வந்தன. ஒவ்வொரு கண்காட்சிக்கும் ஓர் இதழ், அதற்குள் அந்த ஓவியரே கல்லிலோ தகட்டிலோ வரைந்த மூல லித்தோக்கள். மிரோ, ஷகால், பிராக், ஜியாகொமெத்தி எல்லாரும் அதற்கு வரைந்தார்கள். பக்கத்தின் அளவு ஏறக்குறைய 38 × 28 செ.மீ.; இரட்டைப் பக்கம் என்றால் அகலம் 56. சேர்வராயன் அவர்கள் கொடுத்த அளவோடு இது பொருந்துகிறது என்பதை நண்பர் கல்லச்சு முதல் பதிவிலேயே கவனித்திருப்பார் என்று நினைக்கிறேன். தாள்கள் பெரும்பாலும் தைக்கப்படாமல் மடித்தபடியே உறைக்குள் இருக்கும்.

இதழ் என்பதால் சாதாரணப் பிரதிகள் ஆயிரக்கணக்கில் அச்சாயின. அவற்றின் உள்ளே இருக்கும் லித்தோக்களில் ஓவியர் கையொப்பமிடுவதில்லை, எண்ணும் போடுவதில்லை. பின்னாளில் இதழைப் பிரித்துத் தாள் தாளாக விற்றவர்களில் சிலர் அவற்றுக்குப் பென்சிலில் ஒரு பெயரும் ஒரு பின்னமும் சேர்த்தார்கள். கலையில் கை வைக்கவில்லை, ஆனால் கலைஞரின் பெயரில் பொய் சொன்னார்கள். எனக்கு இதில் கோபமே வருகிறது. மிரோ அந்த இதழுக்கு வரைந்தது, மாதச் சம்பளக்காரரும் தன் படத்தை வாங்கிச் சுவரில் மாட்டட்டும் என்ற எண்ணத்தில். அந்தத் தாராளத்தைத்தான் இந்தப் பொய்ப் பின்னம் களவாடுகிறது. இத்தனை பேருக்காகச் செய்ததை 75 பேருக்காகச் செய்தது போலக் காட்டுகிறது.

செவ்வாய்ப்பேட்டை:

வெள்ளி நல்ல வெள்ளி, முத்திரைதான் போலி. புரிந்தது.

சேர்வராயன்:

தை மாதம் வரை பொறுத்திருந்து, சென்ற ஞாயிற்றுக்கிழமை திறந்தேன். நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

செவ்வாய்ப்பேட்டை நண்பரின் சொல்லைக் கேட்டுக் கையொப்பத்தின் மேல் ஒரு வெள்ளைச் சீட்டை வைத்து மூடிவிட்டு, கடிகாரம் பழுதுபார்க்கும் உறவினரிடம் கடன் வாங்கிய கண் லென்ஸால் சிவப்பு வட்டத்தைப் பார்த்தேன். புள்ளி வரிசை இல்லை. சிவப்பு ஒரே படிவாக, அரைத்த குங்குமம் காய்ந்தது போலக் கிடக்கிறது. இடையிடையே மணல் அளவு வெள்ளை. கறுப்புக் கோடு சிவப்பின் மேல் ஏறும் இடத்தில் மையின் பளபளப்பு மாறுகிறது. நீலமும் மஞ்சளும் ஒன்றன் மேல் ஒன்று விழுந்த இடத்தில் ஒரு பச்சை இருப்பதை இத்தனை ஆண்டுகளில் நான் பார்த்ததே இல்லை. 

பிறகு பலகையை எடுத்தேன். தாளின் மறுபுறம், மடிப்புக்கு வலப்பக்கத்தில், பிரெஞ்சு மொழியில் ஒரு பத்தி அச்சாகியிருக்கிறது. கீழே பக்க எண். மடிப்பின் இரு புறமும் ஓரங்கள் மயிரிழை பிசகாமல் பொருந்துகின்றன. கையால் அவசரத்தில் மடித்தது அப்படி இருக்காது. கையொப்பத்தையும் எண்ணையும் அழித்துவிடலாமா என்று ஒரு நொடி தோன்றியது.

கல்லச்சு:

வேண்டாம் தம்பி. ரப்பர் போட்டால் பென்சிலோடு தாளின் மேல் நாரும் பெயரும், அந்த இடம் என்றைக்கும் மங்கலாகத் தெரியும். விற்கும் எண்ணம் வந்தால் மட்டும், இது இதழின் தாள், கையொப்பம் பின்னால் சேர்ந்தது என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள். புதுச் சட்டம் போடும்போது அமிலமில்லாத அட்டை கேளுங்கள். கண்ணாடி தாளில் படாமல் நடுவே அட்டைச் சட்டம் வையுங்கள். பூஞ்சை தொடங்குவதே கண்ணாடியும் தாளும் ஒட்டும் இடத்தில்தான். வெளிச்சுவரில் மாட்டாதீர்கள், மழைக்காலத்தில் அந்தச் சுவர் வியர்க்கும். உள்சுவர் நல்லது. ஓரத்தை யாரையும் தொட விடாதீர்கள்.

வெண்தாள்:

பின்பக்கத்தைப் படம் எடுத்து வைத்துவிட்டுச் சட்டம் போடுங்கள். மிரோவின் லித்தோக்களுக்கு ஆறு தொகுதிகளில் முழுப் பட்டியல் இருக்கிறது; எந்த ஆண்டின் இதழ் என்பதை அந்தப் பத்தியை வைத்துக் கண்டுபிடிக்க நான் உதவுகிறேன்.

சேர்வராயன்:

நன்றி, அம்மா. படம் எடுத்துவிட்டேன், அனுப்புகிறேன். விற்பதாக இல்லை.

ஒன்றை மட்டும் எழுதிவிட்டு முடிக்கிறேன். பலகையை எடுத்த அன்று அம்மாவைக் கூப்பிட்டுப் பின்பக்கத்தைக் காட்டினேன். அவருக்குப் பிரெஞ்சும் தெரியாது, லித்தோவும் தெரியாது. அச்செழுத்தையும் பக்க எண்ணையும் காட்டி, இது புத்தகத்தில் மடித்தே வந்த தாள், அப்பா மடிக்கவில்லை என்றேன். மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு மடிப்பின் மேல் விரலை வைத்து மேலிருந்து கீழ் வரை ஒருமுறை தடவினார். வெகு நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, 'அவர் அப்பவே சொன்னார்' என்றார். இன்று காலை புதுச் சட்டத்தோடு வந்ததும், கூடத்தின் உள்சுவரில் அப்பாவின் படத்துக்குப் பக்கத்திலேயே ஆணி அடிக்கச் சொன்னார்.